எந்தக் கூட்டத்துக்குப் போவது? குடியை விட நினைப்பவர் முன்னுள்ள வழிகள்

குடியை விட நினைப்பவர்கள் ஒன்றுகூடிப் பேசும் ஏழு மணிக் கூட்டத்துக்கு ஆறே முக்காலுக்கே போய் நின்றேன். கதவில் பூட்டு தொங்கியது. பட்டியலில் போட்டிருந்த முகவரி சரி, கிழமையும் சரி. அந்தக் குழு எப்போதோ வேறு கட்டடத்துக்கு மாறிவிட்டிருந்தது, பட்டியலைத்தான் யாரும் திருத்தவில்லை. பத்து நிமிடம் நின்றேன். ஏமாற்றத்தைவிட நிம்மதிதான் அதிகமாக இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். 'நான் போனேன், அவர்கள்தான் இல்லை' என்று சொல்லிக்கொள்ள ஒரு சாக்கு கிடைத்துவிட்டதே. அன்று இரவு வழக்கத்தைவிடக் கூடுதலாகக் குடித்தேன். மறுபடி ஒரு கூட்டத்தைத் தேட நான்கு மாதம் ஆயிற்று.

அதனால்தான் குழுக்களை ஒப்பிடும்போது நான் கொள்கையில் தொடங்குவதில்லை. கடவுளைப் பற்றிப் பேசுவார்களா, படிகளா, பயிற்சித்தாளா என்ற கேள்விகளெல்லாம் பின்னால் வரட்டும். குடிக்கத் தோன்றும் அந்த நேரத்தில், உங்களால் போய்ச் சேர முடிகிற தூரத்தில், கதவு திறந்திருக்குமா? முதலில் கேட்க வேண்டியது இதுதான். மாலை ஆறு மணிக்குக் கை தன்னால் பாட்டிலைத் தேடுகிறவருக்கு ஞாயிறு காலைக் கூட்டம் எவ்வளவு நன்றாக நடந்தாலும் அரைக் கூட்டம்தான்.

அதற்கும் முன்னால் ஒன்று. தினமும் நிறையக் குடித்துவந்தவர் திடீரென்று நிறுத்தினால் உடம்பு சும்மா இருக்காது. கடைசியாகக் குடித்து 6 முதல் 24 மணி நேரத்துக்குள் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு தொடங்கும். சிலருக்கு முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் இல்லாதது கண்ணில் தெரிவது, இடமும் நேரமும் புரியாமல் போவது என்று மனம் குழம்பினால் அது உயிருக்கே ஆபத்தான கட்டம். காலையில் எழுந்ததும் நடுக்கத்தை அடக்க ஒரு வாய் தேவைப்படுகிறதா? முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்திருக்கிறதா? அப்படியானால் முதலில் மருத்துவர், பிறகுதான் கூட்டம்.

இனி குழுக்களுக்கு வருவோம். தேட ஆரம்பித்ததும் முதலில் கண்ணில் படுவது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ. கிட்டத்தட்ட 180 நாடுகளில் இருக்கிறது. அது தொடங்கிய கதையே ஒரு தேடல்தான். 1935 மே மாதம், அமெரிக்காவின் அக்ரன் நகரில், வியாபாரமாக வந்த காரியம் கெட்டுப்போய் ஓட்டல் முன்கூடத்தில் நின்றுகொண்டிருந்தார் பில் வில்சன். நியூயார்க் பங்குச் சந்தை ஆள். குடியை விட்டு ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஒரு பக்கம் மதுக்கூடத்தின் இரைச்சல், இன்னொரு பக்கம் தொலைபேசி. தேவாலயப் பட்டியலைப் பார்த்து ஒவ்வொரு எண்ணாக அழைத்து, பேச இன்னொரு குடிகாரர் கிடைப்பாரா என்று கேட்டார். அப்படிக் கிடைத்தவர் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவர். அவர் கடைசியாகக் குடித்ததாகச் சொல்லப்படும் 1935 ஜூன் 10-ஐத்தான் ஏ.ஏ. தன் பிறந்தநாளாக வைத்துக்கொண்டது. தயங்கித் தயங்கி எண்ணைச் சுழற்றும் ஆளை அங்கே யாரும் வேடிக்கையாகப் பார்க்க மாட்டார்கள். அவர்களுடைய முதல் ஆளே அப்படித்தான் வந்தார்.

ஏ.ஏ.வின் பெரிய பலம் எண்ணிக்கை. பல நகரங்களில் தினம் ஒரு கூட்டமாவது இருக்கும். ஒரு குழு பிடிக்கவில்லையென்றால் அடுத்த தெருவில் இன்னொன்று இருக்கக்கூடும். பதிவு கிடையாது, கட்டணம் கிடையாது, குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றுதான் தகுதி. செலவுக்குத் தட்டோ தொப்பியோ சுற்றி வரும். புதிதாக வந்தவர் போடாமல் அடுத்தவருக்குத் தள்ளிவிடலாம், யாரும் முகம் சுளிப்பதில்லை. பெயர் சொன்னால் போதும், முழுப்பெயர் கேட்க மாட்டார்கள். கூட்டம் பெரும்பாலும் ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம். ஒருவர் நடத்துவார், அடுத்த முறை வேறொருவர். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே புகுந்து அறிவுரை சொல்வதில்லை என்பது பல குழுக்களில் எழுதாத சட்டம். முதல் நாள் எனக்கு இது விசித்திரமாக இருந்தது. என் கதையைச் சொல்லி முடித்துவிட்டு யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று காத்திருந்தேன். 'நன்றி' என்றார்கள், அடுத்தவர் பேசத் தொடங்கிவிட்டார். என்ன இது, சுவரிடம் பேசினதுபோல என்று நினைத்தேன். மூன்றாவது வாரம்தான் விளங்கியது: வாழ்க்கையில் முதல்முறையாக, திட்டும் புத்திமதியும் வாங்காமல் குடியைப் பற்றி நான் முழுசாகப் பேசியிருந்தேன்.

ஏ.ஏ.வில் பலருக்கு உறுத்துவது, குடியிலிருந்து மீள அது வகுத்திருக்கும் பன்னிரண்டு படிகளும் அவற்றில் வரும் கடவுள் பேச்சும். 'நம்மைவிட மேலான ஒரு சக்தி' என்று தொடங்கி, 'நாம் புரிந்துகொண்ட விதத்தில் கடவுள்' என்று போகும். அந்தச் சக்தி எதுவாகவும் இருக்கலாம், அந்தக் குழுவாகவே கூட இருக்கலாம் என்று விளக்கம் சொல்வார்கள். சிலருக்கு அது போதும். நம்பிக்கையே இல்லாதவருக்கு அது சுற்றிவளைத்த சமாளிப்பாகத் தோன்றும். அவர்கள் அப்படி நினைப்பதில் தவறும் இல்லை. ஆனால் குழுவுக்குக் குழு இது வெகுவாக மாறும். ஒரு குழுவில் பிரார்த்தனையிலேயே பாதி நேரம் போகும். இன்னொன்றில் தொடக்கத்தில் நான்கு வரி, அவ்வளவுதான். கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களுக்கென்றே நடக்கும் ஏ.ஏ. கூட்டங்களும் உண்டு. ஒரு கூட்டத்தைப் பார்த்துவிட்டு 'ஏ.ஏ. எனக்குச் சரிவராது' என்று முடிவு கட்டுவது, ஒரு வீட்டைப் பார்த்துவிட்டு ஊரையே பிடிக்கவில்லை என்பதுபோல.

பட்டியலில் ஒவ்வொரு கூட்டத்துக்கும் பக்கத்தில் ஒரு சொல்லோ எழுத்தோ இருக்கும். அதைப் படிக்கத் தெரிந்துகொள்வது நல்லது. 'ஓபன்' என்றால் யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். மனைவி, அண்ணன், நண்பர் யாரையாவது துணைக்கு அழைத்துப்போகலாம். 'க்ளோஸ்டு' என்றால் குடிப் பிரச்சினை உள்ளவர்களுக்கு மட்டும். 'நமக்குக் குடிநோய் இருக்கிறதா, தெரியவில்லையே' என்ற குழப்பத்தில் இருப்பவர்கள் ஓபன் கூட்டத்தில் பின்வரிசையில் உட்கார்ந்து பார்க்கலாம். புதியவர்களுக்கான கூட்டம், ஒருவரே நீளமாகத் தன் கதையைச் சொல்லும் கூட்டம், படிகளை ஒவ்வொன்றாகப் படிக்கும் கூட்டம் என்று வகைகள் உண்டு. முதல்முறை போகிறவர் படிகளைப் படிக்கும் கூட்டத்தில் போய் மாட்டிக்கொள்ள வேண்டாம் என்பது என் கருத்து. ஆறாம் படியை அலசிக்கொண்டிருக்கும் இடத்தில் நடுங்கும் கையோடு போய் உட்கார்ந்தால், பாதிப் படத்தில் நுழைந்ததுபோல இருக்கும்.

அடுத்தது ஸ்மார்ட் ரிகவரி. 1994-ல் தொடங்கியது, முற்றிலும் வேறு குணம். கடவுள் இல்லை, படிகள் இல்லை, 'நான் குடிநோயாளி' என்று சொல்லிக்கொள்ள வேண்டிய கட்டாயமும் இல்லை. சிந்தனையை மாற்றி நடத்தையை மாற்றும் உளவியல் சிகிச்சை முறையிலிருந்து எடுத்த பயிற்சிகள். நான்கு விஷயங்களைச் சுற்றிச் சுழலும்: நிறுத்தும் உறுதியைக் கட்டுவதும் காப்பதும், குடிக்கத் தூண்டும் வேகத்தைச் சமாளிப்பது, எண்ணத்தையும் உணர்ச்சியையும் நடத்தையையும் கையாள்வது, சமநிலையான வாழ்க்கை. கூட்டத்தை நடத்துகிறவர் அதற்கெனப் பயிற்சி பெற்றவர். இங்கே ஒருவர் பேசினால் மற்றவர்கள் பதில் சொல்லலாம், கேள்வி கேட்கலாம். வாழ்நாள் முழுக்க வர வேண்டும் என்ற எதிர்பார்ப்பு இல்லை.

நான் போன ஒரு ஸ்மார்ட் கூட்டத்தில் வெள்ளைப் பலகையில் ஒரு பெரிய கட்டம் போட்டு நான்காகப் பிரித்தார்கள். குடிப்பதால் நன்மை, குடிப்பதால் தீமை, நிறுத்தினால் நன்மை, நிறுத்தினால் தீமை. தீமைகளை எழுதச் சொன்னால் யாரும் கடகடவென்று எழுதுவார்கள். அதுதான் வீட்டில் தினமும் கேட்கிற பாட்டாயிற்றே. முதல் கட்டத்தை நிரப்பத்தான் எனக்குக் கை வரவில்லை. 'குடியால் உங்களுக்கு என்ன கிடைக்கிறது?' என்று அதுவரை என்னிடம் யாரும் கேட்டதில்லை. கடைசியில் 'தூக்கம்' என்று எழுதினேன். பக்கத்தில் இருந்தவர் எட்டிப் பார்த்து, 'அது தூக்கமா, மயக்கமா?' என்றார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். மறுநாள் இரவு மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு படுத்திருந்தபோது அந்தக் கேள்விதான் ஞாபகம் வந்தது.

கணக்குப் போட்டு, காரணம் கேட்டுப் பழகியவர்களுக்கு ஸ்மார்ட் எளிதில் ஒட்டும். குறையும் உண்டு. கூட்டங்கள் குறைவு, பல இடங்களில் வாரத்துக்கு ஒன்று கிடைத்தாலே பெரிய விஷயம். ஏ.ஏ.வில் இருக்கும் ஸ்பான்சர் முறை, அதாவது இரவு பதினொன்றுக்கும் கூப்பிடக்கூடிய ஒரு மூத்த ஆளைக் கூடவே வைத்துக்கொள்ளும் வழக்கம், இங்கே இல்லை. எண்களைப் பகிர்ந்துகொள்வது அந்தந்தக் குழுவின் பழக்கத்தைப் பொறுத்தது. பயிற்சித்தாள் எவ்வளவு நன்றாக இருந்தாலும் நள்ளிரவில் அது போனை எடுக்காது.

இன்னும் சில சிறிய அமைப்புகள் இருக்கின்றன. லைஃப்ரிங் என்பது கடவுள் பேச்சு இல்லாத, உரையாடலாக நடக்கும் குழு. 'இந்த வாரம் எப்படிப் போனது' என்பதில் தொடங்கும். ரிகவரி தர்மா பௌத்த வழியில் தியானத்தோடு நடப்பது. பெண்களுக்கு மட்டுமான விமன் ஃபார் சோப்ரைட்டி, ஜீன் கிர்க்பாட்ரிக் 1970-களின் நடுவில் தொடங்கியது. ஏ.ஏ.வின் முதல் படிபோல 'நான் சக்தியற்றவள்' என்று ஒப்புக்கொள்வதிலிருந்து தொடங்கும் வழி, ஏற்கெனவே ஒடுங்கிப்போன பெண்ணுக்குப் பொருந்தாது என்பது அவர் வாதம். எனக்கு அதில் நியாயம் தெரிகிறது. இவற்றுக்கு நேரில் கூட்டம் கிடைப்பது அதிர்ஷ்டம், பெரும்பாலும் இணையவழிதான். குடியை முழுக்க விடாமல் அளவோடு குடிக்க உதவும் குழுக்களும் உண்டு. நடுங்கி, வலிப்பு கண்டு, வேலை போனவர்கள் அந்தப் பக்கம் பார்க்க வேண்டாம். 'அளவு' என்ற சொல்லை நானே ஆறு வருஷம் சொல்லிக்கொண்டிருந்தவன்.

எது அதிகம் வேலை செய்கிறது? மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020-ல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு 27 ஆய்வுகளை, 10,565 பேரை எடுத்துப் பார்த்தது. ஏ.ஏ.வுக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பதையே இலக்காகக் கொண்ட முறைப்படியான சிகிச்சை பெற்றவர்களில், ஒரு வருடம் கழித்துத் தொடர்ந்து குடிக்காமல் இருந்தவர்கள் சுமார் 42 சதவீதம். மற்ற உளவியல் சிகிச்சைகளில் 35 சதவீதம். ஏ.ஏ. வெறும் பேச்சு என்று தள்ளுகிறவர்கள் இந்த எண்ணைப் பார்க்க வேண்டும். ஏ.ஏ. மட்டும்தான் வழி என்கிறவர்கள் நூற்றில் பாக்கி 58 பேரையும் எண்ண வேண்டும். 2018-ல் அமெரிக்காவில் வெளியான இன்னொரு ஆய்வு பன்னிரண்டு படிக் குழுக்கள், ஸ்மார்ட், லைஃப்ரிங், பெண்கள் குழு நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. எந்தக் குழுவாக இருந்தாலும், அதில் எவ்வளவு ஒன்றிப்போகிறார் என்பதற்கும் பலனுக்கும் தொடர்பு தெரிந்தது. வேறுபாடு வந்த இடம், முழுக்க நிறுத்துவதை இலக்காக வைத்திருந்தாரா இல்லையா என்பதில். அமைப்பின் பெயர்ப்பலகையைவிட அடுத்த செவ்வாய்க்கிழமையும் அங்கே இருப்பீர்களா என்பதற்கு நான் அதிக எடை கொடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நேரிலா, இணையத்திலா? கைக்குழந்தை, இரவு வேலை, நடக்க முடியாத உடல்நிலை, ஊரே அடையாளம் கண்டுகொள்ளும் முகம் என்று ஆயிரம் காரணத்துக்கு இணையக் கூட்டம் வரம். அதிகாலை மூன்று மணிக்கும் உலகின் ஏதோ மூலையில் ஒன்று நடந்துகொண்டிருக்கும். கேமராவை அணைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டே இருக்கலாம். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. கேமராவை அணைத்துவிட்டு, கையில் கிளாஸோடு, மூன்று கூட்டங்களில் உட்கார்ந்தவன் நான். நேரில் அது நடக்காது; வாசனை காட்டிக்கொடுத்துவிடும். நேரில் போனால் இன்னொன்றும் நடக்கும். கூட்டம் முடிந்து நாற்காலிகளை மடித்து அடுக்கும் அந்தப் பத்து நிமிடத்தில், கூட்டத்தில் வாயே திறக்காதவர்கள்கூடப் பேசுவார்கள். எனக்கு முதல் போன் எண் கிடைத்தது அப்படித்தான். ஒருவர் என் கையில் ஒரு மடக்கு நாற்காலியைக் கொடுத்து, 'அந்த மூலையில வைங்க' என்றார். வேலை கொடுத்தால் ஆள் நிற்பான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஆக, முடிந்தால் நேரில், முடியாத நாளில் இணையத்தில். இணையம் மட்டுமே வழி என்றால் கேமரா திறந்திருக்கட்டும்.

தேடுவதற்கு ஏ.ஏ.வுக்கு 'மீட்டிங் கைடு' என்ற இலவசச் செயலி இருக்கிறது. இருக்கும் இடத்தை வைத்துப் பக்கத்துக் கூட்டங்களை நேரத்தோடு காட்டும். ஆனால் எல்லா நாட்டுக் குழுக்களும் அதில் இல்லை. ஸ்மார்ட், லைஃப்ரிங் போன்றவற்றின் பட்டியல் அவரவர் தளத்தில் கிடைக்கும். சிகிச்சை மையத்து ஆலோசகரிடமோ மருத்துவரிடமோ கேட்டாலும் சொல்வார்கள். எங்கே பார்த்தாலும், கிளம்பும் முன் அங்கே கொடுத்திருக்கும் எண்ணுக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள். 'இந்த வாரம் கூட்டம் உண்டா, அதே இடம்தானா, எந்த வாசல் வழியாக வர வேண்டும்?' இந்த மூன்று கேள்விகளை நான் கேட்டிருந்தால் அந்தப் பூட்டைப் பார்த்திருக்க மாட்டேன். இரண்டாம் முறை கேட்டேன். எடுத்தவர் வழி சொன்னதோடு நிற்காமல், 'நான் வாசல்லயே நிக்கிறேன், வாங்க' என்றார். ஒருவர் நமக்காக வாசலில் நிற்கிறார் என்று தெரிந்தபின் போகாமல் இருப்பது, போவதைவிடச் சிரமம்.

போன பிறகு அறையைப் பாருங்கள். புதிதாக வந்தவரிடம் யாராவது தானாக வந்து பேசுகிறார்களா? எல்லாரும் ஒரே ஆளின் முகத்தைப் பார்த்துப் பேசுகிறார்களா? அப்படியென்றால் அங்கே ஒரு குட்டி ராஜா இருக்கிறார், அடுத்த குழுவைப் பாருங்கள். சிரிப்பு கேட்கிறதா? கேட்டால் நல்லது. தாய்மொழியில் நடக்கும் கூட்டம் கிடைத்தால் அதற்குத் தனி மதிப்பெண் கொடுப்பேன். வெட்கத்தை வேற்றுமொழியில் சொல்வது சுலபம். சுலபமாகச் சொன்னது மனதைவிட்டு இறங்குவதில்லை.

மாத்திரை விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒரு குழுவில் மூத்தவர் ஒருவர், குடிக்கும் ஆசையைக் குறைக்க மருத்துவர் எழுதிக்கொடுத்த நால்ட்ரெக்ஸோன் மாத்திரையை நிறுத்தினால்தான் அது 'உண்மையான நிதானம்' என்று என்னிடம் சொன்னார். அந்த அறைக்கு நான் மறுபடி போகவில்லை. ஏ.ஏ.வின் சொந்த வெளியீடே, எந்த உறுப்பினரும் மருத்துவர் வேலை பார்க்கக் கூடாது என்கிறது. நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட், டைசல்ஃபிராம் என்று குடியை நிறுத்த உதவும் மருந்துகளெல்லாம் மருத்துவருக்கும் உங்களுக்கும் இடையிலானவை.

பெண்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். புதிதாக, பலவீனமான நிலையில் வரும் பெண்ணிடம் வழிகாட்டுவதுபோல நெருங்கும் ஆண்களின் போக்குக்கு, கூட்டங்களுக்குள்ளேயே 'பதின்மூன்றாம் படி' என்று ஒரு கேலிப்பெயர் உண்டு. பெயரே இருக்கிறது என்றால் எவ்வளவு பழசு என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்பான்சர் பெண்ணாகவே இருக்கட்டும். பெண்களுக்கான கூட்டம் சற்றுத் தொலைவில் இருந்தாலும், தூரத்தைப் பற்றி நான் மேலே சொன்னதை இந்த ஒரு விஷயத்தில் தளர்த்திக்கொள்ளலாம்.

குடிக்கிறவர் வர மறுக்கிறார், தேடுவது அவருடைய மனைவியோ அம்மாவோ பிள்ளையோ என்றால், அவருக்கான கூட்டத்தைத் தேடி அலைவதை நிறுத்திவிட்டு உங்களுக்கான கூட்டத்துக்குப் போங்கள். அல்-அனான் 1951-லிருந்து குடும்பத்தாருக்கென்றே இருக்கிறது, பதின்வயதுப் பிள்ளைகளுக்கு அலட்டீன். குடிக்கிறவர் நிறுத்தும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

கடைசியாக, என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி: குடித்திருந்தால் கூட்டத்துக்குப் போகலாமா? பெரும்பாலான ஏ.ஏ. குழுக்களில் போகலாம். பேசாமல் கேட்டுக்கொண்டிருங்கள் என்பார்கள், கலாட்டா செய்தால்தான் வெளியே அனுப்புவார்கள். எங்கள் குழுவில் ஒருவர் தள்ளாடியபடி வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார், பாதியில் தூங்கியும்விட்டார். யாரும் எழுப்பவில்லை. அவர் மேசைமேல் வைத்த பைக் சாவியை மட்டும் ஒருவர் மெதுவாக எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார். கூட்டம் முடிந்ததும் அவரை வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். மறுநாள் மாலை சாவியைக் கேட்டு வந்தார். அப்போது கூட்டம் தொடங்க ஐந்து நிமிடம் இருந்தது.